இளைய பிட்டும் ஆர்க்காட்டுக் கடனும்

கோடை விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு சென்னைக்குச் செல்லும் நம் குடும்பத்தினர், கடற்கரைக்குப் போகும் வழியில் இரண்டு பழைய கட்டடங்களைக் காணாமல் திரும்புவதில்லை. ஒன்று செயிண்ட் ஜார்ஜ் கோட்டை; மற்றொன்று ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜா 1768-ஆம் ஆண்டில் சேப்பாக்கத்தில் எழுப்பிய மாளிகை. கோட்டையிலிருந்து மாளிகைக்கு நடந்தே சென்றுவிடலாம். ஆனால் இவ்விரண்டுக்கும் இடையே பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கடன் பத்திரங்கள், கடல் கடந்து லண்டன் பாராளுமன்றம் வரை சென்றன. அங்கே, இருபத்தைந்தே வயதான ஒரு தலைமை அமைச்சரின் மேசையில் அவை வைக்கப்பட்டன. அவர் அவற்றை என் செய்தார், ஏன் அவ்வாறு செய்தார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அவர் பெயர் வில்லியம் பிட். அதே பெயர் கொண்ட தந்தையும் புகழ் பெற்ற அமைச்சராதலின், மகனை இளைய பிட் என்பது வரலாற்றாசிரியர் வழக்கு. இங்கிலாந்தில் கன்சர்வேடிவ் கட்சி என வழங்கும் பழமை பேணும் கட்சியினர், தம் முன்னோர் வரிசையில் இவரை உயர்ந்த இடத்தில் வைத்துப் போற்றுவர். அப்பெயர் கட்சிக்கு வழங்கலானது 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயாகும். பிட் உயிரோடிருந்த காலத்தில் தம்மை எக்கட்சியையும் சாராத விக் என்றே சொல்லிக்கொண்டார். எனினும், அரசரின் உரிமையை மதித்து, முறையான நிதியாட்சியை விரும்பி, திடீர் மாற்றங்களுக்கு அஞ்சி அவரைச் சூழ்ந்து நின்றவர்களிடமிருந்தே பிற்காலத்து டோரிக் கட்சி வளர்ந்தது. ஆகவே பழமைக் கட்சியின் இளந்தலைவர் என்று அவரைக் கூறுவதில் பிழையில்லை.

வைரம் வாங்கிய கொள்ளுப்பாட்டனார்

பிட் குடும்பத்தின் உயர்வுக்கு வித்து இடப்பட்டது நம் சென்னையிலேதான். இளைய பிட்டின் கொள்ளுப்பாட்டனார் தாமஸ் பிட், 1698 முதல் 1709 வரை செயிண்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்தவர். 1702-இல் தாவூத் கான் சென்னையை முற்றுகையிட்டபோது கோட்டையைக் காத்தவர் அவரே. வலங்கை, இடங்கைச் சாதியார் பூசலில் பெத்துநாயக்கன்பேட்டையில் எல்லைக்கல் நட்டுத் தெருக்களைப் பிரித்து வைத்தவரும் அவரே.

கோல்கொண்டாப் பகுதிச் சுரங்கத்தில் எடுத்த 410 காரட் எடையுள்ள ஒரு வைரத்தை, ஜம்சந்த் என்னும் வணிகரிடம் 48,000 வராகனுக்கு அவர் வாங்கினார். இங்கிலாந்தில் அது பட்டை தீட்டப்பட்டு ஏறத்தாழ 140 காரட்டாகக் குறைந்தது. 1717-இல் பிரான்சு நாட்டின் அரசப் பிரதிநிதி அதனை 1,35,000 பவுன் அளவான விலைக்கு வாங்கினார். இன்று அது பாரிஸ் நகரத்து லூவர் அரும்பொருட்சாலையின் உடைமையாக உள்ளது.

இந்திய வாணிகத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு தாமஸ் பிட் ஓல்டு சாரம் என்னும் ஊரையும் வாங்கியிருந்தார். ஊர் என்று சொல்வது பெயரளவுக்குத்தான். அங்கே குடியிருப்போர் இலர். ஆயினும் அவ்வூருக்குப் பாராளுமன்றத்தில் இரண்டு இடங்கள் இருந்தன. நிலத்துக்கு உடையவர் எவரோ அவர் சுட்டியவரே உறுப்பினர். இத்தகைய தொகுதிகள் அந்நாளில் பல இருந்தன. தாமஸ் பிட்டின் பேரரான மூத்த பிட் 1735-இல் பாராளுமன்றத்துள் புகுந்தது இந்த ஓல்டு சாரத்தின் வழியாகவே. கப்பலேறிச் சென்ற கீழைநாட்டுச் செல்வம் பாராளுமன்றத்தில் இடமாக மாறும் வழக்கம் இவ்வாறு அன்றே தொடங்கிவிட்டது. இதனை நாம் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

தந்தை நடத்திய பள்ளி

இளைய பிட் 1759-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் கெண்ட் மாவட்டத்து ஹேஸ் என்னும் ஊரில் பிறந்தார். பிறவியிலேயே நலிந்த உடல். ஆகவே பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே ஆசிரியர் வைத்துக் கற்பித்தனர். தந்தையே தலைமை ஆசிரியர். கிரேக்க, இலத்தீன் நூல்களை மகன் கையில் கொடுத்து, பார்த்த மாத்திரத்தில் தடையின்றி ஆங்கிலத்தில் சொல்லச் செய்வார். தக்க சொல் கிடைக்கும் வரை நிறுத்தலாம்; தகாத சொல்லைச் சொல்லிவிடல் ஆகாது. பிற்காலத்தில் குறிப்பு ஏதுமின்றி மணிக்கணக்கில் நிதிக் கணக்குகளைப் பிழையின்றி எடுத்துரைத்த ஆற்றலுக்கு இப்பயிற்சியே அடிப்படை.

பதினான்காம் வயதில் கேம்பிரிட்ஜ் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தார். உயர்குடிப் பிறந்தார்க்குரிய சலுகையால் 1776-இல் தேர்வின்றியே எம்.ஏ. பட்டம் பெற்றார், எனினும் கணிதத்தையும் பழம்பெரு நூல்களையும் ஆழ்ந்து கற்றார். 1778 ஏப்பிரல் 7-ஆம் நாள் பிரபுக்கள் சபையில் பேசிக்கொண்டிருந்த தந்தை மயங்கி வீழ்ந்தார். உடனிருந்து தாங்கியவர்களுள் இப்பதினெட்டு வயது மகனும் ஒருவர். அடுத்த மாதம் தந்தை மறைந்தார்.

தந்தை விட்டுச் சென்றவற்றுள் பெருஞ்செல்வம் இல்லை. ஒரு பெருமை இருந்தது. 1746-இல் படைச் சம்பள அதிகாரியானபோது, கையிருப்புப் பணத்துக்கு வரும் வட்டியைத் தாமே எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை மூத்த பிட் மேற்கொள்ள மறுத்தார். முன்னிருந்தோர் எல்லாரும் தயங்காது எடுத்துக்கொண்ட பணம் அது. பொதுப்பணத்தில் கை வையாத குடும்பம் என்ற பெயர் பிட் குடும்பத்துக்கு அதனால் வந்தது. அப்பெயரைக் காப்பது தம் கடமை என்று மகன் கருதினார்.

அவையில் முதற் குரல்

வழக்கறிஞர் தொழிலுக்குத் தகுதி பெற்ற இளைஞர், 1780-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தொகுதியில் போட்டியிட்டார். வாக்கெண்ணிக்கையில் கடைசியாக வந்தார். பின்னர் சர் ஜேம்ஸ் லௌதர் என்னும் பெருநிலக்கிழாரின் கைக்குள் அடங்கிய ஆப்பிள்பி தொகுதியிலிருந்து 1781 சனவரியில் காமன்ஸ் சபைக்கு வந்தார். அப்போது வயது 21. ஒருவர் கைக்குள் அடங்கிய தொகுதிகளை ஒழித்தல் வேண்டும் என்று முழங்கவிருந்தவர், அத்தகைய தொகுதி ஒன்றின் வழியாகவே உள்ளே வந்தார். காலத்தின் போக்கு அவ்வாறு இருந்தது.

அவ்வாண்டு பிப்பிரவரி 26-ஆம் நாள், அரண்மனைச் செலவினங்களைக் குறைக்க எட்மண்டு பர்க் கொண்டுவந்த மசோதாவை ஆதரித்து அவர் முதன்முதலாகப் பேசினார். பேசுவதற்கென எழுந்தவர் அல்லர். சபையினர் அவர் பெயரைச் சொல்லி அழைக்கவே எழுந்தார். முன்னேற்பாடின்றி அவர் ஆற்றிய உரை, ஆண்டு பல பழகிய நாவலரின் உரைபோல் அமைந்தது. மகனின் குரலில் தந்தையே மீண்டும் வந்துவிட்டார் என்று பர்க் மனம் நெகிழ்ந்து பாராட்டியதாகக் கூறுவர். பர்க் பாராட்டிய இந்த இளைஞரை நான்கே ஆண்டுகளில் அதே பர்க் எப்படி எதிர்த்துப் பேச நேர்ந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1782-இல் ஆட்சி மாறியது. அயர்லாந்தின் துணைப் பொருளாளர் பதவி பிட்டுக்கு அளிக்கப்பட்டது. ஆண்டுக்கு 5,000 பவுன் தரும் பதவி அது. அவருக்கோ சில நூறு பவுனே வருவாய். ஆயினும், அமைச்சரவையில் இடமில்லாத பதவி எதனையும் ஏற்பதில்லை என்று முன்பே சபையில் அறிவித்திருந்தமையால் மறுத்துவிட்டார். சிறு பிள்ளைக்கு இத்துணைச் செருக்கா என்று சிரித்தவர் உண்டு. மே 7-ஆம் நாள் பாராளுமன்றச் சீர்திருத்தத்துக்கு ஒரு குழு வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் கொண்டுவந்தார். 20 வாக்குகளில் அது தோற்றது. சூலையில் ஷெல்பர்ன் பிரபுவின் அமைச்சரவையில் நிதியமைச்சரானார். வயது 23.

இருபத்து நான்கு வயதில் தலைமை அமைச்சர்

அடுத்து வந்தது பாக்ஸ் - நார்த் கூட்டு அமைச்சரவை. அமெரிக்கப் போரில் ஒருவரையொருவர் கடுமையாக ஏசிக்கொண்ட இருவர் 1783 ஏப்பிரலில் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தது நாட்டு மக்களுக்கு வியப்பையும் அருவருப்பையும் தந்தது. அந்த அமைச்சரவையைக் கவிழ்த்தது எந்தப் பிரச்சினை? இந்தியப் பிரச்சினையே.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழல்கள் அந்நாளில் சந்தி சிரித்தன. அதனைத் திருத்த பாக்ஸ் ஒரு மசோதா கொண்டுவந்தார். அதனை உருவாக்கியதில் பெரும்பங்கு பர்க்கினுடையது. கம்பெனியின் ஆட்சியைப் பாராளுமன்றம் நியமிக்கும் ஏழு ஆணையாளரிடம் ஒப்படைப்பது அதன் கருத்து. அந்த எழுவரும் பாக்ஸ் கட்சியாராகவே இருந்தமையால், இந்தியாவின் உத்தியோகங்கள் எல்லாம் ஒரு கட்சியின் கைக்குப் போய்விடும் என்று எதிர்ப்பு எழுந்தது. கம்பெனியார் கூக்குரலிட்டனர். காமன்ஸ் சபையில் நிறைவேறிய மசோதா பிரபுக்கள் சபைக்கு வந்தபோது, இதற்கு வாக்களிப்பவரைத் தம் பகைவராகவே கருதுவதாக மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஒரு பிரபுவின் வாயிலாகச் சொல்லி அனுப்பினார். டிசம்பர் 17-இல் மசோதா தோற்றது. மறுநாள் அமைச்சர்கள் விலக்கப்பட்டனர். 19-ஆம் நாள் இளைய பிட் தலைமை அமைச்சரானார். வயது 24.

இவரது ஆட்சி கிறிஸ்துமஸ் பலகாரம் தீரும் வரைதான் என்று எதிர்க்கட்சியார் எள்ளினர். அமைச்சரவையில் இவர் ஒருவரே காமன்ஸ் சபை உறுப்பினர். மற்றவர் அனைவரும் பிரபுக்கள். சபையில் பெரும்பான்மை பாக்ஸிடம் இருந்தது. வாக்கெடுப்புக்கு வாக்கெடுப்பு பிட் தோற்றார். அவர் கொண்டுவந்த இந்திய மசோதாவும் 1784 சனவரி 23-இல் 8 வாக்குகளில் வீழ்ந்தது. வேறொருவராயின் பதவி துறந்திருப்பர். இவர் அசையவில்லை.

அந்தச் சனவரியிலேதான் அவர் புகழை நிலைநாட்டிய நிகழ்ச்சி நடந்தது. கருவூலத்தில் ஆண்டுக்கு 3,000 பவுன் தரும் ஒரு பதவி காலியாயிற்று. வேலை ஏதும் இல்லை; வாழ்நாள் முழுதும் வருவாய். தலைமை அமைச்சர் அதனைத் தாமே எடுத்துக்கொள்வது அன்றைய வழக்கப்படி குற்றமன்று. எடுத்துக்கொள்வார் என்றே எல்லாரும் எதிர்பார்த்தனர். சொத்தில்லாதவர், நாளையே பதவி இழக்கக் கூடியவர். அவருக்கு இது வாழ்வளிக்கும் ஊன்றுகோல். பிட் அதனைத் தொடவில்லை. அரசிடம் 3,200 பவுன் ஓய்வூதியம் பெற்று வந்த கர்னல் பாரே என்பவருக்கு, அவ்வோய்வூதியத்தை விட்டுவிட வேண்டும் என்ற ஏற்பாட்டின் பேரில், அப்பதவியைக் கொடுத்தார். அரசுக்கு அந்த ஓய்வூதியச் செலவு மிச்சமாயிற்று. நாடெங்கும் அவர் நேர்மை பேசப்பட்டது.

பாக்ஸின் பெரும்பான்மை நாளுக்கு நாள் தேய்ந்தது. மார்ச்சு 8-ஆம் நாள் அது ஒரே வாக்காகக் குறைந்தது. அம்மாதம் 25-இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. தேர்தலில் பாக்ஸ் கட்சியார் நூற்றுக்கும் மேற்பட்டோர் இடமிழந்தனர். நான்காண்டுக்கு முன் கடைசி இடத்தில் நிறுத்திய கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமே இம்முறை பிட்டைத் தேர்ந்தெடுத்தது.

இவ்வெற்றிக்குக் காரணங்கள் பல. மன்னரின் ஆதரவு ஒன்று. கூட்டு அமைச்சரவையின்பால் மக்கள் கொண்ட வெறுப்பு ஒன்று. இளைஞரின் தூய்மையில் எழுந்த நம்பிக்கை ஒன்று. இவை மெய்யானவை. இவற்றோடு மற்றொன்றும் இருந்தது. பாக்ஸின் மசோதாவுக்கு அஞ்சிய கம்பெனிப் பங்குதாரரும், இந்தியாவில் பொருள் சேர்த்துத் திரும்பியவரும் பிட்டின் பக்கம் நின்றனர். அவர்களுள் ஆர்க்காட்டு நவாபின் கடன்காரர் என்ற ஒரு கூட்டம் இருந்தது.

கடன் வளர்ந்த கதை

தமிழ்நாட்டை நடுவிடமாகக் கொண்டு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டபோது ஆங்கிலேயர் தூக்கி நிறுத்திய நவாபு முகமது அலி. போர்ச் செலவு முழுவதும் அவர் தலையில் ஏற்றப்பட்டது. கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தவணைக்காகக் கம்பெனியின் ஊழியரிடமே அவர் தனிக் கடன் வாங்கினார். வட்டி நூற்றுக்கு 36 வரை சென்றது. ஈடாக மாவட்டங்களின் நிலவரியை எழுதிக் கொடுத்தார். பகலில் கோட்டையில் கம்பெனி வேலை; அதன் பின் சேப்பாக்கத்து மாளிகையில் கொடுக்கல் வாங்கல். சொற்பச் சம்பளம் பெற்ற உத்தியோகஸ்தர்கள் இலட்சக்கணக்கில் கடன் கொடுத்ததாகப் பத்திரம் வைத்திருந்தனர். கொடுத்த பணம் எவ்வளவு, வட்டிக்கு வட்டியாக ஏறியது எவ்வளவு, கொடாமலே எழுதியது எவ்வளவு என்பது எழுதியவருக்கே வெளிச்சம்.

அவர்களுள் முதல்வர் பால் பென்பீல்டு. கோட்டை மதில் கட்டும் பணிக்கு வந்து, பின்னர்க் குத்தகையிலும் வட்டித் தொழிலிலும் வளர்ந்தவர். 1773-இல் கம்பெனிப் படையின் துணையோடு நவாபு தஞ்சையைக் கைப்பற்றினார். 1776-இல் கவர்னர் பிகட் பிரபு தஞ்சையை மீண்டும் துளஜாஜி மன்னரிடம் ஒப்படைத்தபோது, தஞ்சை வருவாயின் மேல் தமக்கு நவாபிடமிருந்து 1,62,000 பவுனும், விளைச்சலை ஈடு வைத்த குடிகள் முதலானோரிடமிருந்து 72,000 பவுனும் வரவேண்டும் என்று பென்பீல்டு உரிமை கோரினார். அதனை ஒட்டி எழுந்த பூசலில் கவர்னரையே அவரது ஆலோசனைச் சபையினர் சிறைப்படுத்தினர். 1777-இல் காவலில் இருந்தபடியே பிகட் மாண்டார். கடன்காரர் கை எத்துணை நீண்டிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இக்கடன்கள் மூன்று தொகுதிகளாக வகுக்கப்பட்டன: 1767-ஆம் ஆண்டுத் தொகுப்புக் கடன், குதிரைப்படைக் கடன், 1777-ஆம் ஆண்டுத் தொகுப்புக் கடன். இவற்றுள் கடைசியானது பற்றி அறிந்தபோது லண்டனிலிருந்த கம்பெனி டைரக்டர்களே திடுக்கிட்டனர்.

பத்திரங்கள் பெருகிய அந்நாளில் வயல்களின் நிலை யாது? 1780-இல் ஐதர் அலியின் படை கணவாய் இறங்கிக் கருநாடகச் சமவெளியில் புகுந்தது. செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படை அழிந்தது. ஊர்கள் எரிந்தன, ஏரிகள் உடைந்தன. தொடர்ந்து பஞ்சம். பசித்தவர் சென்னையை நோக்கித் திரண்டனர். அவர்களுக்காக 1782-இல் கஞ்சி வார்த்த இடமே மணியக்காரர் சத்திரம். வடசென்னை ஸ்டான்லி மருத்துவமனையை நம் பாட்டிமார் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொன்னது அப்பஞ்சத்தின் நினைவே. நவாபின் கடனை அடைக்க வேண்டிய வரி, கஞ்சிக்குக் கையேந்தி நின்ற இந்த மக்களின் நிலத்திலிருந்தே வரவேண்டியிருந்தது.

விசாரணை இல்லாத தீர்ப்பு

1784 ஆகஸ்டில் பிட்டின் இந்தியச் சட்டம் நிறைவேறியது. கம்பெனியின் வாணிகத்தை அதனிடமே விட்டு, ஆட்சியை மட்டும் கண்காணிக்க அறுவர் அடங்கிய கட்டுப்பாட்டு வாரியம் ஒன்றை அது அமைத்தது. அதன் உயிராக இருந்தவர் பிட்டின் நண்பர் ஹென்றி டண்டாஸ். 1858 வரை இந்தியாவை ஆண்டது இந்த இரட்டை ஏற்பாடே.

இச்சட்டத்தில் ஆர்க்காட்டுக் கடனைக் குறித்தும் ஒரு பிரிவு இருந்தது. கடன்கள் எவ்வாறு தோன்றின, நியாயமானவை எவை என்று டைரக்டர்கள் ஆராய வேண்டும் என்பது அதன் கட்டளை. முன்னர் டண்டாஸ் கொண்டுவந்த மசோதாவும், பாக்ஸின் மசோதாவும் இதே விசாரணையைக் கூறியவையே. ஆக மூன்று தரப்பாரும் ஒப்புக்கொண்ட ஒன்று உண்டெனில், அது இவ்விசாரணையின் தேவை. டைரக்டர்களும் அதற்கேற்பச் சென்னைக்கு ஒரு கடிதம் வரைந்தனர்.

கட்டுப்பாட்டு வாரியம் அக்கடிதத்தைத் தள்ளிவிட்டது. விசாரணை வேண்டா; மூன்று தொகுதிக் கடன்களையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்; கருநாடக வருவாயிலிருந்து ஆண்டுதோறும் 12 இலட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுன், இதற்கென ஒதுக்கப்பட வேண்டும் என்று ஆணை பிறந்தது. 1767-ஆம் ஆண்டுக் கடனுக்கு நூற்றுக்கு 10 வட்டி. குதிரைப்படைக் கடனுக்கு 12. மூன்றாவதற்கு 1781 வரை 12, அதன் பின் 6. நவாபின் வருவாயைக் கம்பெனியின் பொறுப்பில் வைத்துப் போர்க் காலத்தைச் சமாளித்திருந்த சென்னைக் கவர்னர் மெக்கார்ட்னி பிரபுவுக்கு, அவ்வருவாயை நவாபிடமே திருப்பிக் கொடுக்குமாறு உத்தரவு வந்தது. திரும்பவும் கடன்காரர் கையிலேயே நாட்டை ஒப்படைப்பதாகும் அது என்று கருதிய அவர், 1785-இல் பதவி துறந்தார்.

அமைச்சர் தரப்பில் கூறிய நியாயங்களையும் நாம் கூறுதல் வேண்டும். பத்திரங்கள் கை மாறிவிட்டன. இன்று வைத்திருப்பவர் பலர் விலை கொடுத்து வாங்கியவர். கடல் கடந்து விசாரணை நடத்தினால் அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். நவாபோ, கம்பெனியோ, மற்றக் கடன்காரரோ ஏதேனும் கடனை மறுக்க விரும்பினால் மறுக்கலாம் என்றும் ஒரு வாயில் திறந்து வைக்கப்பட்டது. ஆனால் நவாபு அவர்கள் பிடிக்குள் இருந்தார். கடன்காரர் ஒருவர் பத்திரத்தை மற்றவர் மறுக்கப் போவதில்லை. பணம் கட்டப் போகும் உழவனுக்கோ அவ்வாயிலில் நுழைய வழியே இல்லை.

பர்க்கின் பேச்சு

1785 பிப்பிரவரி 28-ஆம் நாள் இது குறித்த ஆவணங்களைச் சபை முன் வைக்க வேண்டும் என்று பாக்ஸ் தீர்மானம் கொண்டுவந்தார். அன்று எட்மண்டு பர்க் ஆற்றிய உரை, ஆங்கிலச் சொல்வன்மையின் உச்சங்களுள் ஒன்றாக இன்றும் கற்கப்படுகிறது. பென்பீல்டு பாராளுமன்றத்தில் எட்டு உறுப்பினர்களைத் தம் பணத்தால் அமர்த்தினார் என்றும், அந்த உதவிக்குக் கைம்மாறே இத்தீர்ப்பு என்றும் அவர் குற்றம் சாட்டினார். தொகை மிகையாகலாம், தேர்தல் வெற்றி முழுவதும் அப்பணத்தால் வந்ததென்று நாமும் சொல்லோம். ஆனால் விசாரணை வேண்டும் என்று எழுதிய கையே விசாரணையை நிறுத்தியது என்பதை எவரும் மறுக்கவில்லை.

தமிழராகிய நாம் இவ்வுரையில் வியந்து நிற்க வேண்டிய பகுதி வேறொன்று உண்டு. தமிழ் மண்ணை ஒருநாளும் மிதியாத பர்க், நம் ஏரிகளைப் பற்றிப் பேசினார். தம்மிடமுள்ள படத்தில் 1,100 ஏரிகள் குறிக்கப்பட்டுள்ளன என்றார். இரண்டு மூன்று ஏக்கர் அளவிலிருந்து 5 மைல் சுற்றளவு வரை அவற்றின் பரப்பைச் சொன்னார். மழையை நம்பி வாழும் நாட்டில் ஏரியே உயிர், அதனைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டும், அப்பணத்தை வட்டிக்காரர் கொண்டுபோனால் நிலம் பாலையாகும் என்று விளக்கினார். இந்த ஏரிகளைக் கட்டியவர் தம் பின்னோருக்காகக் கட்டினர் என்று போற்றினார். லண்டன் மாநகரில் பின்னிரவு வேளையில் களைத்துப்போன உறுப்பினர் முன், செங்கற்பட்டு, ஆர்க்காட்டுப் பகுதி உழவனுக்காக ஒரு குரல் எழுந்தது.

அதற்கு விடை கூறுவதா என்று பிட் அருகிருந்த கிரென்வில்லைக் கலந்துகொண்டு, வேண்டுவதில்லை என்று முடிவு செய்ததாகக் கூறுவர். அமைச்சர்கள் வாய் திறக்கவில்லை. வாக்கெடுப்பு நடந்தது. 164-க்கு 69 என்ற கணக்கில் தீர்மானம் தோற்றது.

ஏழே வாரத்தில், ஏப்பிரல் 18-ஆம் நாள், பிட் தம் சீர்திருத்தத் திட்டத்தைச் சபையில் கொண்டுவந்தார். சீரழிந்த 36 தொகுதிகளை, உரியவருக்கு ஈட்டுத்தொகை கொடுத்து ஒழிப்பது அத்திட்டம். அது 248-க்கு 174 என்று தோற்றது. பணத்தால் வாங்கும் இடங்களை ஒழிக்க அவர் உண்மையாகவே விரும்பினார் என்பதில் ஐயமில்லை. அந்த விருப்பமும் ஆர்க்காட்டுத் தீர்ப்பும் ஒரே மனிதரிடம் ஒரே ஆண்டில் குடியிருந்தன.

கணக்கின் முடிவு

பிட் மொத்தம் பத்தொன்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகத் தலைமை அமைச்சராக இருந்தார். நூற்றுக்கு 119 ஆக இருந்த தேயிலை வரியை 12½ ஆகக் குறைத்துக் கள்ளக்கடத்தலை ஒடுக்கியது, சிதைந்திருந்த நாட்டு நிதியைச் செம்மைப்படுத்தியது, பிரெஞ்சுப் போரில் உறுதியாய் நின்றது ஆகியவை அவர் புகழ். 1806 சனவரி 23-இல் 46-ஆம் வயதில் மறைந்தபோது அவர் விட்டுச் சென்றது 40,000 பவுன் கடன். நாட்டின் கணக்கை நுணுகிப் பார்த்தவர் தம் வீட்டுக் கணக்கைப் பார்த்ததில்லை. அக்கடனைப் பாராளுமன்றமே அடைத்தது. பொதுப்பணத்தில் ஒரு காசும் எடுக்காதவருக்கு நாடு செய்த நன்றி அது.

ஆர்க்காட்டுக் கணக்கும் ஒருநாள் பார்க்கப்பட்டது. 1801-இல் கருநாடகம் முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. அதன் பின்னும் நவாபுகளின் பெயரால் புதிய கடன் பத்திரங்கள் வந்து குவியவே, 1805-இல் அவற்றை ஆராய ஆணையாளர் நியமிக்கப்பட்டனர். கோரிய தொகை 3 கோடிப் பவுனுக்கு மேல். நெடுங்காலம் ஆராய்ந்தபின் நேர்மையானதென்று ஏற்கப்பட்டது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இவை பிற்காலத்துப் பத்திரங்கள். 1784-இல் ஏற்கப்பட்டவை வேறு. எனினும் விசாரணை என்ற ஒன்று நடந்தால் என்ன வெளிப்படும் என்பதை இக்கணக்கு காட்டிவிட்டது. முன்னவை விசாரணையின்றியே ஏற்கப்பட்டுவிட்டன. பென்பீல்டோ 1810-இல் பாரிஸ் நகரில் வறியவராய் மாண்டார்.

பிட்டைக் கயவர் என்று நாம் கூறவில்லை. கூறுதல் நீதியும் அன்று. அவர் 3,000 பவுனைத் தொடாதது உண்மை. ஆண்டுக்கு 4,80,000 பவுனைப் பிறர் எடுத்துக்கொள்ள விட்டதும் உண்மை. முன்னது அவர் கையைப் பற்றியது. அதனை லண்டன் முழுவதும் கண்டது. பின்னது நம் முன்னோரின் களத்து நெல்லைப் பற்றியது. அவர்கள் சார்பில் அச்சபையில் உறுப்பினர் எவரும் இலர். வள்ளுவர் செங்கோன்மையை அடுத்தே கொடுங்கோன்மையையும் வைத்ததன் காரணம் இங்கே நமக்கு விளங்குகிறது. தன்னளவில் தூயவனாக இருத்தல் ஆட்சியாளனுக்குத் தொடக்கமே. தன்னைத் தாங்கி நிற்பவர் கேட்கும் விலையை யார் கட்டப் போகின்றனர் என்று பார்த்தலே அவன் கடமையின் பெரும்பகுதி.

ஆண்டு விழாவுக்கு முன் நம் சங்கப் பொதுக்குழுவில் பொருளாளர் வரவு செலவு படிக்கும்போது, பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, இந்தச் செலவு எதற்கு என்று கேட்பார். மற்றவர் சிலர் முகம் சுளிப்பர். காலம் வீணாகிறதே என்பர். இனி அவ்வாறு சுளிக்குமுன் ஆர்க்காட்டுக் கடனை நினைத்துக்கொள்வோம். கேட்க ஒருவர் அவையில் இருப்பது பெரும்பேறு. அப்பேறு இல்லாதிருந்த நம் முன்னோருக்காக ஓர் அயலார் ஓரிரவு எழுந்து பேசினார், தோற்றாலும் பேசினார். சேப்பாக்கத்து மாளிகையை அடுத்த முறை காணும்போது நம் குழந்தைகளுக்கு இவ்விருவர் கதையையும் சேர்த்தே சொல்வோம்.